போலந்து லான்சர் எக்காள வீரர்: வெள்ளையா, சிவப்பா?

பிப்ரவரி 2, மாலை – படைவீரர் பொம்மைகளுக்கு வண்ணம் பூசும் வாசகர் ஒருவரின் கேள்வி

"நெப்போலியனின் காவல்படையில் இருந்த போலந்து லான்சர் (ஈட்டிக் குதிரைப்படை) ரெஜிமென்டின் எக்காள வீரர்கள் அணிந்தது வெள்ளைச் சீருடை. காலர், மார்பு, கைமடிப்பு மட்டும் சிவப்பு. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. சிவப்புக் கோட்டு மாட்டி விற்கப்படும் பொம்மைகள் எல்லாம் கற்பனைச் சரக்கு. மறுப்பவர் உண்டா?"

பிப்ரவரி 2, இரவு

உண்டு, நான் மறுக்கிறேன். வெள்ளை என்பது சரிதான். "சந்தேகத்துக்கே இடமில்லை" என்பதுதான் எனக்கு இடிக்கிறது.

அந்த ரெஜிமென்டை 1807 ஏப்ரலில் ஃபிங்கென்ஸ்டைன் மாளிகையில் இருந்தபடி நெப்போலியன் ஆணையிட்டு உருவாக்கினார். தலைவர் வின்செந்தி க்ராசின்ஸ்கி. சாதாரண வீரரின் உடை எல்லோரும் அறிந்தது: கருநீலக் குட்டைக் கோட்டு, கருஞ்சிவப்புக் காலர், அதே சிவப்பில் மார்புத் துணி, விளிம்பில் வெள்ளிச் சரிகை, தலையில் மேற்பக்கம் சதுரமாக விரியும் சாப்கா தொப்பி. எக்காள வீரருக்கு இந்தக் கோட்டு நிறங்கள் பொருந்தாது. தொடக்க ஆண்டுகளில் அவர் கோட்டு முழுக்கக் கருஞ்சிவப்பு, முகப்புத் துணிகள் (காலர், மார்பு, கைமடிப்பு) வெள்ளை. 1810 வாக்கில் இது தலைகீழாகி, வெள்ளைக் கோட்டுக்குக் கருஞ்சிவப்பு முகப்பு வந்தது. இவை இரண்டும் விழா உடை. அன்றாடப் பணிக்கு வான்நீலக் கோட்டு ஒன்று தனியாக இருந்தது.

ஆக, சிவப்புப் பொம்மை விற்றவர் 1808-ஐ விற்றிருக்கிறார், நீங்கள் 1811-ஐக் கேட்கிறீர்கள். நிறத்தைக் கேட்கும்போது ஆண்டையும் சந்தர்ப்பத்தையும் சேர்த்துக் கேட்டால் பாதிச் சண்டை எழாது.

பிப்ரவரி 3, காலை

"படைவீரர் எல்லோருக்கும் ஒரே உடை என்பதுதானே சீருடை? இசைக்காரருக்கு மட்டும் ஏன் இந்த ஆடம்பரம்?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

அவரை இசைக்காரர் என்று நினைப்பதால் வருகிற ஐயம் இது. போர்க்களத்தில் எக்காளம்தான் தளபதியின் தொண்டை. நூற்றுக்கணக்கான குதிரைகள் பாயும்போது மனிதக் குரல் பத்து கஜம் தாண்டாது. "சேணம் பூட்டு", "நடை", "ஓட்டம்", "பாய்", "திரும்பிக் கூடு" எல்லாம் ஊதித்தான் சொல்லப்பட்டன. தளபதி கையை நீட்டினால் அந்த ஆள் அங்கே இருந்தாக வேண்டும். வெடிமருந்துப் புகையிலும் புழுதியிலும் கருநீலக் கோட்டுகளுக்கு நடுவே அவரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் உடைக்கு நிறம் மாற்றினார்கள், கிடைத்தவரையில் வெண்குதிரையும் கொடுத்தார்கள். ரெஜிமென்டின் இரண்டு நிறங்களையும் இடம் மாற்றிப் போடுவது ஐரோப்பா முழுதும் இருந்த பழைய வழக்கம். போலந்துக்காரர் கண்டுபிடித்ததில்லை.

எதிரியிடம் சமாதானத் தூது போகும்போதும் அதிகாரியோடு எக்காள வீரர் ஒருவர் ஊதிக்கொண்டே போவார். சுடாமல் இருக்க வேண்டுமானால் தூரத்திலேயே அடையாளம் தெரிய வேண்டும் அல்லவா?

பிப்ரவரி 3, மதியம்

"எதிரிக்கும் நன்றாகத் தெரியுமே ஐயா" என்கிறார் அதே தம்பி. தெரியும். அந்த வேலையின் கூலியில் அதுவும் அடக்கம்.

பிப்ரவரி 4

எக்காளம் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உடை மட்டும் பேசினால் அந்த ஆள் துணிக்கடைப் பொம்மையாகிவிடுவார்.

அக்காலத்துக் குதிரைப்படை எக்காளத்தில் வால்வு கிடையாது. வால்வுக்கு ஷ்டோல்ட்ஸலும் ப்ளூமெலும் காப்புரிமை பெற்றதே 1818-இல். அதற்கு முன் இருந்தது வளைத்த வெறும் குழாய்தான். உதட்டின் இறுக்கத்தை மாற்றித்தான் சுரத்தை மாற்ற வேண்டும், கிடைப்பதும் சில சுரங்களே. பிரெஞ்சுக் குதிரைப்படையின் ஊதல்களை ஒழுங்குபடுத்திக் கொடுத்த டேவிட் பூல் அந்தச் சில சுரங்களை வைத்துக்கொண்டே, ஒன்றோடொன்று குழம்பாத கட்டளைகளை எழுதினார்.

கல்லூரியில் என்.சி.சி.யில் நான் பியூகிள் ஊதியவன். அதுவும் வால்வில்லாதது. குடியரசு தின ஒத்திகையில் வெயிலில் நின்று உதடு காய்ந்துவிட்டால் மேல்சுரம் வரவே வராது, வெறும் காற்றுதான் வரும். நான் தரையில் அசையாமல் நின்று பட்ட பாடு அது. பாயும் குதிரையில், இடக்கையில் கடிவாளம், வலக்கையில் எக்காளம், குதிரை ஒவ்வொரு முறை எகிறும்போதும் ஊதுவாய் பல்லில் இடிக்கும் என்று நினைத்துப்பாருங்கள். முன்பல் உடைந்த எக்காள வீரரை எந்த ஓவியரும் வரைந்து நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 6

கேள்வி கேட்டவர் ஒரு வண்ணப்படத்தை அனுப்பி, "இதோ ஆதாரம்" என்கிறார். நல்ல படம். ஆனால் யார், எப்போது வரைந்தது?

இந்தத் துறையில் நாம் எல்லோரும் நம்பியிருக்கும் போலந்துப் படங்களில் பெரும்பகுதி நூறு ஆண்டு கழித்து வரையப்பட்டவை. யான் ஹெல்மின்ஸ்கி, நெப்போலியன் காலத்துப் போலந்து அரசான வார்சா டச்சியின் படைகளை வரைந்த புகழ்பெற்ற தொகுதி பாரிஸில் வெளிவந்தது 1913-இல். இன்னொரு ஓவியர் ப்ரோனிஸ்வாவ் கெம்பஜெவ்ஸ்கி பிறந்ததே 1872-இல். பின்னாளில் வார்சா ராணுவ அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்தவர். ஆவணங்களைத் தோண்டி எடுத்து உழைத்தவர் என்பதால் அவர் மேல் எனக்கு மதிப்பு அதிகம். ஆனாலும் அவர் எந்த எக்காள வீரரையும் நேரில் பார்த்தவர் இல்லை. யானுவரி சுஹோதோல்ஸ்கி 1797-இல் பிறந்தவர், காலத்தால் நெருங்கியவர். அவரும் ரோமில் பிரெஞ்சு ஓவியர் ஓராஸ் வெர்னேயிடம் பயின்று, பல ஆண்டு கழித்துத்தான் இந்தப் போர்களைத் தீட்டினார்.

இவர்களைப் பார்த்து அடுத்தவர் வரைந்தார், அவரைப் பார்த்து இன்னொருவர். கடைசியில் பொம்மைப் பெட்டியின் மூடியில் வந்து நின்றது. பத்துப் படங்கள் ஒரே மாதிரி இருந்தால் பத்துச் சாட்சிகள் என்று எண்ணிவிடக்கூடாது. ஒரு சாட்சியும் ஒன்பது நகலுமாக இருக்கலாம்.

துணியே சாட்சி சொல்லும் இடமும் உண்டு. ஸ்பெயினின் சொமோசியெர்ரா கணவாயில் பாய்ந்த இந்த ரெஜிமென்டின் அதிகாரி யான் கொஜெதுல்ஸ்கியின் கோட்டு ஒன்று வார்சா ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1812 அக்டோபர் 25 அன்று ருஷ்யக் குதிரைவீரர்களான கோசாக்குகள் திடீரென நெப்போலியனை நெருங்கியபோது கொஜெதுல்ஸ்கி இடையில் புகுந்து ஈட்டிக் குத்து வாங்கினார். குத்திய இடம் துணியில் இன்றும் தெரியும். அதிகாரியின் கோட்டுக்கு இப்படி ஒரு கதை வாய்த்தால் குடும்பம் பத்திரப்படுத்தும். எக்காள வீரரின் கோட்டை யார் எடுத்து வைத்தார்கள்? தேய்ந்ததும் கிழித்துத் துடைக்கும் துணி ஆக்கியிருப்பார்கள்.

பிப்ரவரி 6, இரவு

படங்களை எடைபோட நான் வைத்திருக்கும் இரண்டு சோதனைகள்.

முதலாவது ஈட்டி. 1808 நவம்பர் 30, சொமோசியெர்ரா கணவாயில் இந்த ரெஜிமென்டு பாய்ந்தபோது கையில் வாள்தான். ஈட்டி வந்தது 1809-இல், வாக்ராம் போருக்குப் பிறகு. அங்கே ஆஸ்திரிய உலான்களின் (ஈட்டிக் குதிரைவீரர்களின்) ஈட்டிகளைப் பிடுங்கி அவர்களையே குத்தினார்கள் என்று கதை சொல்வார்கள். சொமோசியெர்ரா படத்தில் ஈட்டிக் காடு தெரிந்தால் ஓவியர் எழுச்சியில் வரைந்திருக்கிறார் என்று பொருள். எக்காள வீரர் கையில் ஈட்டி இருந்தால் இன்னும் மோசம். எந்த ஆண்டிலும் அவருக்கு ஈட்டி கிடையாது, வாளும் கைத்துப்பாக்கியும்தான்.

இரண்டாவது, தோளில் தொங்கும் பின்னல் கயிறு. ஈட்டி வருமுன் அது வீரர்களுக்கு வலத் தோளில் இருந்தது. ஈட்டி வீசும் கையில் அது சிக்குகிறது என்று இடத் தோளுக்கு மாற்றினார்கள். வீரர் கையில் ஈட்டியும் வலத் தோளில் கயிறும் சேர்ந்து இருந்தால் அந்தப் படத்தில் இரண்டு காலங்கள் கலந்திருக்கின்றன. சாதாரண வீரரின் கயிறு வெள்ளை, எக்காள வீரருடையது வெள்ளையும் கருஞ்சிவப்பும் முறுக்கியது.

நண்பர் அனுப்பிய படம் முதல் சோதனையில் தேறியது. இரண்டாவதில், தோளைக் குதிரையின் தலை மறைக்கிறது. கெட்டிக்கார ஓவியர்.

பிப்ரவரி 9

அந்தச் சிவப்பு எந்தச் சிவப்பு? மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டிருப்பதால் நீட்டிச் சொல்கிறேன்.

ஆங்கிலேயச் சிப்பாயின் சிவப்பு மிளகாய்ப்பழ வகை, மஞ்சள் ஓடும். போலந்தின் கருஞ்சிவப்பில் மஞ்சள் கிடையாது, நீலம் ஓடும். புடவைக்கடை மொழியில் சொன்னால் அரக்குக்கும் ராணி நிறத்துக்கும் நடுவே நிற்கும். நான் முதலில் வாங்கிய வண்ணக்குப்பியில் "கிரிம்சன்" என்றே அச்சிட்டிருந்தது. பூசிக் காயவிட்டு டியூப்லைட்டில் பார்த்தால் செங்கல். கீழே மஞ்சள் கலந்த பழுப்பு அடிப்பூச்சு இருந்ததுதான் காரணம். இப்போது வெளிர் ரோஜா நிறத்தில் அடிப்பூச்சு போட்டு, மேலே கருஞ்சிவப்பை நீர்க்கக் கரைத்து மூன்று அடுக்காக ஏற்றுகிறேன். மடிப்பின் பள்ளத்தில் கறுப்பு வைக்காமல் ஊதா ஒரு துளி வைக்கிறேன். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் பார்த்துத்தான் முடிவு செய்வது.

இந்த நிறத்துக்கும் போலந்துக்கும் உள்ள உறவு பழையது. அங்கே மணற்பாங்கான நிலத்தில் தரையோடு படரும் சிறு செடி ஒன்றின் வேரில் ஒரு செதில் பூச்சி ஒட்டி வாழும். ஜூன் 24, புனித யோவான் திருநாளை ஒட்டிய நாட்களில் குடியானவர்கள் செடியைப் பிடுங்கி, வேரிலிருந்து பூச்சிகளை ஆய்ந்துவிட்டு, செடியைத் திரும்ப நடுவார்கள். பூச்சிகளைக் கொதிநீரிலோ காடியிலோ கொன்று காயவைத்தால் கருஞ்சிவப்புச் சாயம். 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் அது பெரிய ஏற்றுமதிச் சரக்கு. பிறகு மெக்சிகோவின் கள்ளிப்பூச்சிச் சாயம் ஸ்பானியக் கப்பல்களில் வந்து சந்தையைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. நெப்போலியன் காலத்துக் கோட்டில் போலந்துப் பூச்சியைத் தேடாதீர்கள், அதற்குள் அந்தத் தொழில் நொடித்துப்போயிருந்தது.

பொதுவாக ஐரோப்பியப் படைகளில் அதிகாரியின் சிவப்புக்குப் பூச்சிச் சாயம், சிப்பாயின் சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்து வேர்ச் சாயம். வேர்ச் சாயம் மலிவு. அதில் அந்த நீல ஓட்டம் வருவது கடினம். ஒரே அணியில் நின்றாலும் அதிகாரியின் காலரும் வீரரின் காலரும் ஒரே சிவப்பாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு வேனில் வெயிலில் நின்ற பிறகு கேட்கவே வேண்டாம். வரிசை முழுக்க ஒரே குப்பியால் பூசுகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

பிப்ரவரி 10

"வெள்ளைக்கு மாறியது சாயப் பஞ்சத்தாலா?" நல்ல கேள்வி.

பிரெஞ்சுக் காலாட்படையில் அப்படி ஒன்று நடந்தது. 1806 வாக்கில் நீலச் சாயம் தரும் அவுரிக்குத் தட்டுப்பாடு வர, நீலத்தை விட்டு வெள்ளைக்கு மாறப் பார்த்தார்கள். அவுரி விளைந்த ஹெய்ட்டி 1804-இல் பிரான்ஸின் கையை விட்டே போயிற்று. வங்காளத்து அவுரியோ பிரிட்டிஷ் கப்பலில் பயணித்தது, அந்தக் கப்பலைத்தான் 1806 நவம்பரில் பெர்லின் ஆணையால் நெப்போலியன் தடுத்தார். தம் கோட்டின் நீலத்துக்குத் தாமே பூட்டுப் போட்டார் என்று சொல்ல வேண்டும்.

ஆனால் போலந்து எக்காள வீரர் விஷயத்தில் அந்தக் காரணம் நிற்காது. ஒரு ரெஜிமென்டில் எக்காளம் ஊதுபவர்கள் சிலரே. அவர்கள் கோட்டை வெளுத்து எத்தனை மூட்டைச் சாயம் மிஞ்சியிருக்கும்? மேலும் புதிய உடையிலும் முகப்புத் துணி கருஞ்சிவப்புதான், பணிக்கோட்டு வான்நீலம். காவல்படை சிக்கனம் பார்க்கிற இடமும் இல்லை. பாரிஸ் அருகே ஷான்டிலியில் குதிரைலாயம், பாரிஸில் அணிவகுப்பு என்று இருந்தவர்களுக்குப் பகட்டே போதுமான காரணம். வெள்ளைக் கம்பளியில் வெள்ளிச் சரிகையும் கருஞ்சிவப்பும் எடுத்துக் காட்டும், கூடவே வெண்குதிரை வேறு.

பிப்ரவரி 10, இரவு

வெள்ளைக் கோட்டை யார் துவைத்தது என்று கேட்டவருக்கு: கம்பளியை அடிக்கடி நனைத்தால் சுருங்கும். வெள்ளைக் களிமண் பொடியைப் பூசித் தட்டி வெளுப்பது அக்காலப் படைகளில் வழக்கம், தோல்வாருக்கும் அதே பொடி. பக்கத்தில் நின்ற கருநீலக்காரர்கள் திட்டியிருப்பார்கள்.

பிப்ரவரி 14

காவல்படையை விட்டு வெளியே வந்தால் குழப்பம் இரட்டிப்பாகிறது. இனி எந்த நிறமும் "இதுதான்" என்று சொல்லத் தயங்குவேன்.

வார்சா டச்சிக்கென்று சொந்தக் குதிரைப்படை இருந்தது. 1, 4, 5 ஆகியவை வேட்டைக் குதிரைவீரர் ரெஜிமென்டுகள், 10-உம் 13-உம் ஹுஸார்கள் எனும் இலகு குதிரைப்படை, 14 மார்புக்கவசம் அணிந்த படை, மற்றவை உலான்கள். 1810 செப்டம்பர் 3 அன்று விரிவான உடை விதிகள் வந்தன. விதி அச்சில் இருந்தது, துணிக்குப் பணம் கஜானாவில் இல்லை. போதாக்குறைக்கு, எக்காள வீரரின் உடை கர்னலின் செல்லப் பிள்ளை. கையில் காசுள்ள பிரபு கர்னலாக வந்தால் தம் எக்காளக்காரரை மாப்பிள்ளைக் கோலத்தில் நிறுத்துவார். காசில்லாதவர் பழைய கோட்டுக்குக் காலரை மட்டும் மாற்றித் தைத்து அனுப்புவார். இருவரும் விதியைப் படித்தவர்கள்தான்.

பிரான்ஸுக்காகப் போரிட்ட இன்னொரு போலந்துப் படையான விஸ்துலா லான்சர்கள் இன்னொரு தலைவலி. கருநீலமும் மஞ்சளும் அவர்கள் நிறம். யான் கொனோப்கா தலைமையில் 1811 மே 16 அன்று ஸ்பெயினின் அல்புவெராவில் கோல்போர்னின் பிரிட்டிஷ் பிரிகேடைப் பக்கவாட்டில் புகுந்து சிதைத்தவர்கள். அவர்களின் எக்காள வீரருக்கு நான் பார்த்த படங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அடுத்த மாதமே ஆணை மாறி, அவர்கள் பிரெஞ்சு வரிசைப்படையின் (காவல்படையில் சேராத வழக்கமான படையின்) லான்சர்களாக எண் பெற்றார்கள். பிறகு 1812-இல் பார்தேன் விதிகள் எனும் உடை விதிகள் வந்து, வரிசைப்படை எக்காள வீரர் அனைவருக்கும் பேரரசரின் பச்சைச் சீருடை என்றன: கரும்பச்சைக் கோட்டு, 'N' எழுத்தும் கழுகும் மாறிமாறி நெய்த பட்டி. கர்னல்களின் விளையாட்டுக்கு முற்றுப்புள்ளி வைக்கத்தான் அது. காவல்படை மட்டும் தன் வழியில் போயிற்று.

பிப்ரவரி 15

நகரா வாசிப்பவரை மறந்துவிட்டீர்களே என்று மூத்தவர் ஒருவர் நினைவூட்டினார். மறக்கவில்லை அண்ணா, பயத்தில் ஒதுக்கி வைத்திருந்தேன்.

காவல்படை லான்சர்களிடம் குதிரையின் இரு பக்கமும் முரசு கட்டி வாசிப்பவர் ஒருவர் இருந்தார். விழாக்களுக்கு மட்டும். இரு கையிலும் குச்சி இருப்பதால் கடிவாளத்தைக் காலால்தான் ஆள வேண்டும், எனவே பொறுமையான குதிரை தேவை. உடை எந்த விதிக்கும் கட்டுப்படாத கீழைநாட்டுப் பாணி. பழைய போலந்துப் பிரபுவையும் துருக்கியரையும் கலந்து தைத்தது போல் படங்களில் தெரிகிறார். எந்தத் துணி எந்த நிறம் என்று இரண்டு படங்களை ஒப்பிட்டாலே சண்டை வரும். முரசுகள் 1812-இல் ருஷ்யாவில் தொலைந்தன என்பதுதான் பரவலாகச் சொல்லப்படுவது. அதற்குப் பிறகு அந்த ஆளைக் காணவில்லை. ஆகவே 1813, 1814 காட்சிகளில் அவரை வைக்காதீர்கள், மற்றபடி பூசுகிறவர் விருப்பம்.

பிப்ரவரி 16

வான்நீலப் பணிக்கோட்டைப் பற்றி முதல் நாளில் ஒரு வரியில் தாண்டிப் போனேன். யோசிக்க யோசிக்க அதுதான் முக்கியம் என்று படுகிறது. நாம் சண்டையிடுவதெல்லாம் பெட்டியில் மடித்து வைத்த உடையைப் பற்றி. அந்த மனிதர் ஆண்டில் பெரும்பாலான நாள் வாழ்ந்தது வான்நீலத்தில். சாப்காவுக்கு மேல் மெழுகுத்துணி உறை, இறகு கழற்றிப் பையில், காலில் தோல் ஒட்டுப்போட்ட சவாரிக் கால்சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே சேறு. போர்க்களக் காட்சி செய்கிறவர்கள் இதைச் செய்யுங்கள். எக்காள வீரரை அடையாளம் காட்ட எக்காளமும் குதிரையும் போதும். குதிரைகூட 1812 ருஷ்யப் படையெடுப்புக்குப் பிறகு கிடைத்த நிறம்தான்.

பிப்ரவரி 17

பதில் சுருக்கமாக இருவருக்கு: சிவப்புக் கோட்டு லான்சர்களைக் கேட்டவருக்கும், 3-ஆம் ரெஜிமென்டைக் கேட்டவருக்கும்.

சிவப்புக் கோட்டு லான்சர்கள் வேறு ஆட்கள். அது காவல்படையின் 2-ஆம் ரெஜிமென்டு, டச்சுக்காரர்கள். இரண்டையும் ஒரே தட்டில் போட்டு விற்கிற கடைக்காரரிடம் நானும் ஏமாந்திருக்கிறேன், பணம் திரும்பவில்லை.

3-ஆம் ரெஜிமென்டு 1812-இல் லிதுவேனியாவில் கொனோப்கா திரட்டியது. உடை 1-ஆம் ரெஜிமென்டை, அதாவது நாம் பேசிவந்த போலந்து லான்சர்களைப் போலவே, வெள்ளிக்குப் பதில் பொன்நிறம். அந்த அக்டோபரில் ஸ்லோனிமில் ருஷ்யர் சூழ்ந்து சிதறடித்தார்கள், கொனோப்கா சிறைப்பட்டார். சில மாதமே வாழ்ந்த அந்த ரெஜிமென்டின் எக்காள வீரருக்கு முழு விழா உடை தைத்து முடித்திருப்பார்களா என்றே எனக்கு ஐயம்.

பிப்ரவரி 21

கேள்வி கேட்டவர் 1811, பாரிஸ் அணிவகுப்பு என்று முடிவு செய்துவிட்டாராம். இப்போது சொல்கிறேன், வெள்ளையே பூசுங்கள். வெண்குதிரை. கருஞ்சிவப்பும் வெள்ளையும் சேர்ந்த இறகு. கைமடிப்பு கூர்முனையாக இருக்க வேண்டும், உங்கள் பொம்மையில் நேராக வார்த்திருக்கிறார்கள், அரத்தால் ராவிச் சரிசெய்யலாம். பெட்டியோடு வந்த ஈட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், வேறு வீரருக்கு ஆகும்.